திரும்பும் வழியை முதலில் முடிவு செய்யுங்கள்

அலாஸ்காவில் ஃபேர்பேங்க்ஸ் நகரத்துக்கு வடக்கே போக விரும்புகிறவர்கள் பெரும்பாலும் வரைபடத்தை விரித்து, ஓர் ஏரியையோ மலையையோ தொட்டுக் காட்டி, அங்கே எப்படிப் போய்ச் சேர்வது என்று கேட்பார்கள். நான் மறுமுனையிலிருந்து தொடங்கச் சொல்வேன். எந்த நாளில், எந்த இடத்திலிருந்து, எதில் ஏறி வெளியே வரப் போகிறீர்கள்? அது தவறினால் அடுத்த வழி என்ன? அதுவும் தவறினால் எத்தனை நாள் அங்கேயே தாக்குப்பிடிக்க முடியும்? இந்த மூன்றுக்கும் காகிதத்தில் பதில் எழுதிய பிறகு ஏரியைத் தேர்ந்தெடுங்கள்.

உள்ளே போவது எளிது. பணம் கொடுத்தால் சிறு விமானம் கொண்டுபோய் இறக்கிவிடும். வாடகை வண்டி கிடைத்தால் நெடுஞ்சாலை கூட்டிப்போகும். வெளியே வருவது மழையையும் ஆற்றையும் மேகத்தையும் பொறுத்தது. வட அலாஸ்காவில் ஏற்படும் பல இக்கட்டுகளின் தொடக்கம் கரடியோ பனிப்புயலோ இல்லை. குறித்த நாளில் வெளியே வந்தே ஆகவேண்டும் என்ற அவசரத்தில், கடக்கக்கூடாத ஆற்றில் ஒருவர் கால் வைப்பதுதான்.

நிலம் யாருடையது

தமிழ்நாட்டில் காட்டுக்குள் நடக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். வழிகாட்டி கூட வருவார், போனவர்கள் திரும்பினார்களா என்று ஒருவர் பார்ப்பார். அலாஸ்காவில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு நிலம் அமெரிக்க மத்திய அரசுக்குச் சொந்தம். சொந்த முறையில் நடக்கவும் கூடாரம் அடிக்கவும் வருகிறவர்களுக்கு அதில் பெரும்பகுதி திறந்தே கிடக்கிறது. 84 லட்சம் ஏக்கர் பரப்புள்ள கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக் தேசியப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, வாயில் இல்லை, உள்ளே சாலை இல்லை, போடப்பட்ட நடைபாதை ஒன்றுகூட இல்லை. இந்தச் சுதந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் நீங்கள் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. நீங்களாகச் சொல்லிவிட்டுப் போனால்தான் உங்களைத் தேடுவார்கள்.

மூன்று மத்திய நிறுவனங்களின் பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். டால்டன் நெடுஞ்சாலைப் பகுதியிலும் ஒயிட் மவுண்டன்ஸ், ஸ்டீஸ் பகுதிகளிலும் நில மேலாண்மைப் பணியகம், சுருக்கமாக பி.எல்.எம். தேசியப் பூங்காக்களில் பூங்கா சேவை. ஆர்க்டிக் தேசிய வனவிலங்குப் புகலிடத்தில் மீன், வனவிலங்குச் சேவை. ஒவ்வொன்றின் விதியும் வேறு. பி.எல்.எம். நிலத்தில் ஒரே இடத்தில் 14 நாட்களுக்கு மேல் தங்கக்கூடாது. கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக்கில் கரடி திறக்க முடியாத டப்பாவில்தான் உணவை வைக்க வேண்டும். அந்த டப்பாவைப் பூங்கா அலுவலகத்திலேயே இலவசமாக இரவல் தருகிறார்கள்.

வரைபடத்தில் ஒரே வெற்றுப் பச்சையாகத் தெரியும் இடத்தில் எல்லாமே மத்திய அரசின் நிலம் என்று எண்ணிவிடாதீர்கள். 1971-ஆம் ஆண்டுச் சட்டம் அலாஸ்காப் பழங்குடியினரின் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 4.4 கோடி ஏக்கரை உரிமையாக்கியது. மாநில நிலமும் தனியார் சுரங்க உரிமைகளும் இடையிடையே கிடக்கின்றன. உரிமை கை மாறுவதும் உண்டு. எனவே பயணத்துக்கு முன் பி.எல்.எம். அலுவலகத்தில் புதிய நில உரிமை வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். பழங்குடி நிறுவன நிலத்தின் ஊடே பொதுநிலத்துக்குப் போய்ச்சேரச் சில இடங்களில் 17(பி) என்று குறிக்கப்பட்ட வழியுரிமைப் பாதைகள் உண்டு. அவற்றில் கடந்து போகலாம், அவ்வளவுதான். பாதையை விட்டு விலகிக் கூடாரம் போடவோ மீன் பிடிக்கவோ நிலத்துக்குரியவர்களின் அனுமதி வேண்டும்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். உங்களுக்குப் பொழுதுபோக்கான நிலம் அங்கே வாழ்கிறவர்களுக்குச் சாப்பாடு. 1980-இல் வந்த அலாஸ்கா நிலச் சட்டம், கிராமப்புற மக்கள் வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழும் உரிமைக்கு முன்னுரிமை தந்திருக்கிறது. ஆற்றங்கரையில் மீன்வலையோ, மரத்தின் மேல் உணவுப் பரணோ, பூட்டாத குடிசையோ கண்ணில் பட்டால் கை வைக்காமல் கடந்து செல்லுங்கள். கரிபூ மான் கூட்டம் கடக்கும் வழியில் கூடாரம் போட்டு அதைத் திசை திருப்பிவிடாதீர்கள். யாரோ ஒரு குடும்பத்தின் குளிர்கால இறைச்சி அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது.

எந்த மாதம்

ஆறுகளில் பனிக்கட்டி உடைந்து ஓடும் மே மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். உறைந்த ஆற்றின் மேல் நடக்கவும் முடியாது, படகும் விட முடியாது. ஜூன் தொடக்கத்தில் வட அலாஸ்காவின் புரூக்ஸ் மலைத்தொடரின் கணவாய்களில் இன்னும் பனி கிடக்கும். ஜூன் நடுப்பகுதியில் தொடங்கி ஜூலை முழுவதும் வெளிச்சம் தாராளம். ஆர்க்டிக் வட்டத்தில் ஜூன் 20, 21 வாக்கில் சூரியன் மறைவதே இல்லை. அதே வாரங்கள்தான் கொசுவின் உச்சமும். தலையை மூடும் வலை இல்லாமல் ஜூலையில் துந்திரா என்னும் மரமற்ற வெளிக்குப் போவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். உண்ணவும் பேசவும் விடாது.

ஆகஸ்டில் கொசு குறையும், மழை கூடும். மாதக் கடைசியில் துந்திரா சிவந்து மஞ்சளித்துப் போகும், இரவு திரும்பி வருவதால் துருவ ஒளியும் தெரியத் தொடங்கும். மலைத்தொடரில் எந்த மாதத்திலும் பனி பொழியலாம். மலைமுகட்டில் நடைக்கு ஆகஸ்ட் முதல் பாதியையும், சாலைப் பயணத்துக்கு ஆகஸ்ட் இறுதியையும், பனிக்காலக் குடில்களுக்கு மார்ச் மாதத்தையும் தேர்ந்தெடுப்பேன். டிசம்பர் பிற்பாதியில் ஃபேர்பேங்க்ஸில் நான்கு மணி நேரம்கூடப் பகல் இல்லை. மார்ச்சில் பகலும் இரவும் சமமாகிவிடும்; குளிரும் தாங்கும்படி இருக்கும்.

முதல் பயணம்: பினெல் மலைப்பாதை

இந்தப் பகுதிக்குப் புதியவர்களுக்கு என் முதல் பரிந்துரை ஸ்டீஸ் நெடுஞ்சாலையோரம் உள்ள பினெல் மலை தேசிய நடைபாதை. நீளம் 27 மைல், அதாவது 43 கிலோமீட்டர். ஒரு முனை 107-வது மைலில் ஈகிள் சம்மிட், மறுமுனை 85-வது மைலில் ட்வெல்வ்மைல் சம்மிட். இரண்டு முனையும் சாலையில் இருப்பதால் திரும்பும் வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. பாதை முழுக்க மரவரிசைக்கு மேலே, முகடுகளின் மீதே போகிறது. கற்குவியல்கள் வழி காட்டும். இடையில் காற்றுக்கும் மழைக்கும் ஒதுங்க இரண்டு சிறு அறைகள் உண்டு. மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஈகிள் சம்மிட்டிலிருந்து தொடங்குவது கால்களுக்குச் சற்று இதம். முகட்டில் தண்ணீர் அரிது. கண்ட இடத்தில் குடுவையை நிரப்பிக்கொள்ள வேண்டும். மேகம் இறங்கினால் அடுத்த கற்குவியல் தெரியாது. அப்போது நடக்காமல் காத்திருங்கள். ஈகிள் சம்மிட் ஆர்க்டிக் வட்டத்துக்குத் தெற்கே இருந்தாலும், உயரத்தின் காரணமாக ஜூன் 18 முதல் 24 வரை நள்ளிரவுச் சூரியனை அங்கிருந்து பார்க்கலாம்.

பனிக்காலத்தில் போக விரும்பினால் ஒயிட் மவுண்டன்ஸ் தேசியப் பொழுதுபோக்குப் பகுதி. பத்து லட்சம் ஏக்கர் பரப்பில் பனிச்சறுக்குப் பாதைகள் இருநூறு மைலுக்கு மேல் ஓடுகின்றன. அந்த வலையில் 12 குடில்களை பி.எல்.எம். வாடகைக்கு விடுகிறது. முப்பது நாள் முன்னதாகத்தான் பதிவு திறக்கும், வார இறுதிகள் உடனே நிரம்பிவிடும். உள்ளே விறகு அடுப்பு உண்டு. முந்தி வந்தவர் விட்டுச்சென்ற விறகில் நீங்கள் குளிர் காய்வீர்கள். அடுத்து வருகிறவருக்கும் அதே அளவு விறகை வெட்டி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். இரவில் உறைந்த கைகளோடு கதவைத் திறப்பவருக்கு அதுதான் உயிர். கோடையில் பெரும்பாலான குடில்களுக்கான வழி சேறும் சதுப்புமாகிவிடும். படத்தைப் பார்த்து ஜூலையில் நடந்து போக முனையாதீர்கள். குளிர் நாட்களில் கனத்த காற்று பள்ளத்தாக்கில் தேங்குவதால் மேட்டை விடத் தாழ்விடம்தான் அதிகம் குளிரும். கூடாரத்தில் தங்குவதானால் ஆற்றுப்படுகையை விட்டுச் சரிவில் ஏறிப் போடுங்கள்.

டால்டன் நெடுஞ்சாலை

எண்ணெய்க் குழாயைப் போடுவதற்காக 1974-இல் வெட்டிய சரக்குச் சாலை இது. லிவன்குட் அருகே தொடங்கி டெட்ஹார்ஸ் வரை 414 மைல். ஃபேர்பேங்க்ஸிலிருந்து கணக்கிட்டால் 498 மைல், அதாவது ஒரு வழிக்கு 800 கிலோமீட்டர். பெரும்பகுதி சரளைக்கல். முழு நீளமும் பொதுமக்களுக்குத் திறந்தது 1994-இல்தான். இன்றும் இது லாரிகளின் சாலையே. எதிரே லாரி வந்தால் வேகத்தைக் குறைத்து வலப்பக்கம் ஒதுங்கி வழி விடுங்கள். அது வீசும் கல் உங்கள் கண்ணாடியில் விழும் வேகத்தைத் தீர்மானிப்பது உங்கள் வேகமும்தான். பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும். சிபி ரேடியோவில் லாரிக்காரர்கள் பேசும் அலைவரிசை 19; ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டால் மேட்டுக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியும்.

வண்டிக்கு எண்ணெய் கிடைக்கும் இடங்களை மனப்பாடம் செய்யுங்கள்: 56-வது மைலில் யூகான் ஆற்றுப் பாலத்தருகே, கோடையில் மட்டும், 175-இல் கோல்ட்ஃபுட், பிறகு டெட்ஹார்ஸ். கோல்ட்ஃபுட்டுக்கும் டெட்ஹார்ஸுக்கும் இடையே 239 மைல், 385 கிலோமீட்டர். வழியில் எண்ணெய்க் குழாயின் பம்ப் நிலையங்கள் வரும், 284-வது மைலில் டூலிக் ஆராய்ச்சி நிலையம் வரும். விளக்கெரியும் கட்டடத்தைக் கண்டு உதவி கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். அங்கே பயணிகளுக்கு எண்ணெயோ சாப்பாடோ தங்குமிடமோ கிடையாது. சாலை நெடுகப் பொது மருத்துவமனை இல்லை, மளிகைக் கடை இல்லை. ரிம்மில் பூட்டிய முழு அளவு உபரி டயர் இரண்டு, கூடுதல் பெட்ரோல், ஜாக்கி, அதை வைக்க ஒரு பலகை ஆகியவற்றைக் கூடவே எடுத்துச் செல்லுங்கள். சரளையில் ஜாக்கி புதைந்துவிடும்.

பல வாடகை வண்டி நிறுவனங்கள் டால்டனில் ஓட்டுவதை ஒப்பந்தத்திலேயே தடை செய்திருக்கும். மீறிப் போய் வண்டி நின்றுவிட்டால் காப்பீடும் இல்லை, இழுத்துவரும் செலவும் உங்களுடையது. சரளைச் சாலைக்கென்றே வண்டி விடும் நிறுவனங்கள் ஃபேர்பேங்க்ஸில் உண்டு. வாடகை கூடுதல்தான், அதைக் கொடுங்கள்.

115-வது மைலில் ஆர்க்டிக் வட்டத்துப் பலகை. 244-இல் அட்டிகன் கணவாய், 4,739 அடி. அதற்குத் தெற்கே விழும் மழை பெரிங் கடலுக்குப் போகிறது, வடக்கே விழுவது ஆர்க்டிக் பெருங்கடலுக்கு. மரங்கள் அங்கே முடிந்து, காற்றுக்குத் தடையே இல்லாத துந்திரா தொடங்குகிறது. 275-இல் கல்பிரெய்த் ஏரிக்கரைக் கூடாரத் திடல். இந்தச் சாலையில் ஒரே ஓர் இரவு தங்க முடியுமென்றால் அங்கே தங்கச் சொல்வேன். டெட்ஹார்ஸை அடைந்ததும் கடலைப் பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். சாலை கடலுக்குச் சில மைல் முன்பே எண்ணெய் வயலின் காவல் வாயிலில் நின்றுவிடும். அப்பால் போக, முன்கூட்டியே பெயர் கொடுத்துச் சுற்றுலா வண்டியில் இடம் பிடிக்க வேண்டும். கோடையில் கோல்ட்ஃபுட்டில் மூன்று மத்திய நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் தகவல் மையத்தில் இறங்கி, ஆறுகளின் நிலையும் கரடி நடமாட்டமும் கேட்டுவிட்டு மேலே செல்லுங்கள்.

பாதையில்லா நிலத்தில் நடை

சாலையை விட்டு இறங்கியதும் உங்கள் வேகக் கணக்கு எல்லாம் மாறும். அடியில் நிலம் ஆண்டு முழுக்க உறைந்திருப்பதால் மழை நீர் உள்ளே வடியாது. மேல்மண் சொதசொதவென்று கிடக்கும். அதன்மேல் முழங்கால் உயரத்துக்குப் பருத்திப்புல் திட்டுகள், மிதித்தால் சாயும். இடையில் கால் வைத்தால் தண்ணீர். கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக்கில் ஒரு நாளைக்கு ஆறு மைல் நடந்தால் நல்ல நடை. மேற்குத்தொடர்ச்சி மலையில் இருபது கிலோமீட்டர் நடந்து பழகியவர்களும் இந்தக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். குழுவாக நடக்கும்போது ஒருவர் பின் ஒருவராகப் போகாமல் பரவி நடந்தால் துந்திராவில் தடம் விழாது. அங்கே ஒருமுறை விழுந்த தடம் ஆறப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

ஆறுகளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். பனிமலையிலிருந்து வரும் ஆறு இரவுக் குளிருக்குப் பின் விடியற்காலையில் குறைவாகவும் மாலையில் நிறைந்தும் ஓடும். எனவே மாலையில் ஆற்றின் இக்கரையிலேயே தங்கி, காலையில் கடங்கள் என்பது அடிப்படை விதி. மழைக்குப் பின் இந்த விதி பொருந்தாது; மேலே எங்கோ பெய்த மழை இங்கே வெயிலடிக்கும்போது வந்து சேரும். ஒடுங்கி ஓடும் இடம் கடக்க எளிதாகத் தோன்றும், ஆழமும் விசையும் அங்கேதான் அதிகம். பல கிளைகளாகப் பிரிந்து அகலமாக ஓடும் இடத்தைத் தேடி நடங்கள், ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. இறங்குமுன் பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் அவிழ்த்துவிடுங்கள். விழுந்தால் பையை உதற முடிய வேண்டும். செருப்பில்லாமல் இறங்காதீர்கள். கையில் உறுதியான ஊன்றுகோல், முகம் நீர் வரும் திசையில், பக்கவாட்டில் சிறு சிறு அடி. விசையான நீர் முழங்காலைத் தாண்டினால் திரும்பிவிடுங்கள். கற்கள் உருளும் சத்தம் நீருக்கடியில் கேட்டால் இறங்கவே வேண்டாம். காத்திருங்கள். உபரி உணவு கட்டி வந்ததே இப்படிக் காத்திருப்பதற்காகத்தான்.

கரைக்கு வந்ததும் நனைந்த உடையை மாற்றுங்கள். பத்து டிகிரி வெப்பத்திலேயே மழையும் காற்றும் சேர்ந்தால் உடல் சூடு இறங்கி அறிவு மந்தமாகும். பருத்தித் துணி ஈரத்தைப் பிடித்துவைக்கும். கம்பளியும் செயற்கை இழையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாற்றுடையை நீர்புகாப் பையில் கட்டி, உறங்குவதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கரடிகளுக்குத் தனி அத்தியாயம் இருக்கிறது. திட்டமிடும்போது தேவையானதை மட்டும் இங்கே சொல்கிறேன். கரடி ஸ்ப்ரேயையும் அடுப்பு எரிபொருளையும் பயணிகள் விமானத்தில் எந்தப் பெட்டியிலும் கொண்டுவர முடியாது, ஃபேர்பேங்க்ஸில் வாங்கிக்கொள்ளுங்கள். சிறு விமானத்தில் ஏறும்போது ஸ்ப்ரே இருப்பதை விமானியிடம் சொல்லுங்கள், வைக்கும் இடத்தை அவர் முடிவு செய்வார். கூடாரத்திலிருந்து நூறு கஜம் தள்ளித்தான் சமைக்க வேண்டும். அவலும் வறுத்த ரவையும் சத்துமாவும் இந்தப் பயணத்துக்கு மிகப் பொருத்தமான உணவு: எடை குறைவு, எரிபொருளும் குறைவு. தாளிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். எண்ணெயில் பொரிந்த மணம் உடையில் ஏறி உங்களோடு கூடாரத்துக்குள் வரும்.

விமானமும் செயற்கைக்கோளும்

புரூக்ஸ் மலைத்தொடரின் உட்பகுதிக்கு பெட்டில்ஸ், கோல்ட்ஃபுட் ஆகிய ஊர்களிலிருந்து மிதவை பூட்டிய சிறு விமானங்கள் கொண்டுபோய் ஏரியில் இறக்கும். உங்களையும் பையையும் எடை போட்டுத்தான் ஏற்றுவார்கள். எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். நீளம் குறைந்த ஏரியிலிருந்து எழும்புவது அந்தக் கணக்கை நம்பித்தான். கூட்டிப்போக வரும் நாளில் மேகம் மூடினால் விமானம் வராது, மறுநாளும் வராமல் போகலாம். குறைந்தது மூன்று நாள் உபரி உணவு வையுங்கள். ஊர் திரும்பும் பெரிய விமானத்துக்கான சீட்டையும் அதே இடைவெளி விட்டே எடுங்கள். அந்தச் சீட்டு நெருக்கும் அவசரம் விமானியையும் உங்களையும் தவறான முடிவுக்குத் தள்ளும். கிளம்புமுன் விமானியிடம் இரண்டு ஏரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: வர வேண்டிய இடம் ஒன்று, அங்கே இறங்க முடியாவிட்டால் நீங்கள் நடந்து சேர வேண்டிய இடம் ஒன்று.

ஃபேர்பேங்க்ஸைத் தாண்டிச் சில மைல்களிலேயே செல்பேசி இணைப்பு அறுந்துவிடும். டெட்ஹார்ஸ் வரை எதிர்பார்க்க வேண்டாம். புதிய ஐபோனில் செயற்கைக்கோள் அவசரச் செய்தி வசதி இருக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். 62 பாகைக்கு வடக்கே அது வேலை செய்யாமல் போகலாம் என்று ஆப்பிள் நிறுவனமே எச்சரிக்கிறது. டால்டன் தொடங்குவதே 65 பாகைக்கு மேல். துருவங்களின் மீது சுற்றும் இரிடியம் செயற்கைக்கோள்களைப் பயன்படுத்தும் கருவிதான் இங்கே நம்பகமானது. இருவழிச் செய்தி அனுப்பும் கருவியை வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். அவசரப் பொத்தானை விடப் பெரிய பயன் அதில் ஒன்று உண்டு: ‘ஆறு நிறைந்திருக்கிறது, ஒரு நாள் தாமதம், எல்லோரும் நலம்’ என்ற செய்தி போய்ச் சேர்ந்தால் வீணாக ஹெலிகாப்டர் கிளம்பாது. பேட்டரிகளை உள்சட்டைப் பையில் வையுங்கள். குளிரில் அவை சீக்கிரம் சாகும். அலாஸ்காவின் பழைய நிலவரைபடங்கள் மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் அச்சானவை. காகிதப் பிரதி கட்டாயம். திசைகாட்டி முள் அங்கே உண்மை வடக்கிலிருந்து பத்து பாகைக்கும் மேல் கிழக்கே விலகி நிற்கும். அந்த ஆண்டின் விலகல் அளவைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். விமானத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுவரும் செலவு மிகப் பெரியது. அதை ஏற்கும் காப்பீடு இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

வீட்டில் விட்டுச்செல்லும் தாள்

பயண விவரங்களை ஒரு தாளில் எழுதி, ஊரில் நம்பகமான ஒருவரிடம் கொடுங்கள். அதில் இருக்க வேண்டியவை: போகிறவர்களின் பெயரும் வயதும் மருந்துகளும், வண்டி எண், அதை நிறுத்தும் மைல், கூடாரத்தின் நிறம், பாதை வரைந்த வரைபட நகல், மாற்று வழி, விமானியின் தொலைபேசி எண், எத்தனை நாள் உணவு இருக்கிறது என்ற கணக்கு. பிறகு இரண்டு நேரங்கள். தகவல் வர வேண்டிய நேரம் ஒன்று. வராவிட்டால் அலாஸ்கா மாநிலக் காவல்துறையை அழைக்க வேண்டிய நேரம் மற்றொன்று. அங்கே காணாமல் போனவர்களைத் தேடும் பொறுப்பு அவர்களுடையது. இரண்டுக்கும் இடையே உபரி உணவு தாங்கும் நாட்களை விடுங்கள். தகவல் வர வேண்டிய நேரத்தை மலையிலிருந்து இறங்கும் பொழுதை வைத்துக் கணக்கிடாதீர்கள். கருவி கெட்டுப்போனால் ஃபேர்பேங்க்ஸ் நெருங்கும்வரை உங்களால் பேச முடியாது. நகரத்துக்கு வந்து சேரும் பொழுதை வைத்துக் குறியுங்கள்.